சரியான நேரத்துக்கு வந்த வண்டி

கம்ப்யூட்டர் கணக்குப்படி நான் அப்போது வீட்டில் இருந்தேன். உண்மையில் சில்க் போர்டு சந்திப்பில், ஆபீஸ் கேப்பின் நடு சீட்டில், துப்பட்டாவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்னால் ஒரு தண்ணீர் லாரி. பின்னால் விடாத ஹாரன். பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாக இறுகியிருந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் உயிர் போய் உயிர் வந்தது. சந்தாபுராவில் என் பெண் பசியோடு இருந்தாள். அவளுக்கு அப்போது ஆறு மாதம்கூட நிறையவில்லை.

அப்போது நான் வைட்ஃபீல்டில், வெளிநாட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் காகித வேலைகளை வாங்கிச் செய்யும் ஒரு நிறுவனத்தில் இருந்தேன். எங்கள் பிரிவுக்கு எம்.ஐ.எஸ் என்று பெயர். மேலே இருப்பவர்கள் முடிவெடுப்பதற்காகக் கீழே இருப்பவர்கள் எண்களைச் சமைத்துப் பரிமாறும் பிரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் எத்தனை ஃபைல் முடித்தார்கள், எந்த மாடியில் எத்தனை நாற்காலி காலி, எந்த வண்டி எப்போது வந்தது, எல்லாம் எங்களிடம் வரும். நாங்கள் அதைக் கலர் கலர் பட்டைகளாக்கி மேலே அனுப்புவோம். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது, மறைப்பானேன். எண்கள் கோணாமல் வந்து உட்காரும்போது, அடுப்படியைத் துடைத்துப் பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டுப் படுக்கப் போகிற திருப்தி வரும்.

எங்கள் கேப் டிரைவர் கன்டோன்மென்ட் பக்கத்துப் பழைய தெருக்களில் பிறந்து வளர்ந்த தமிழர். டாஷ்போர்டில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு புத்தர் இருப்பார். வண்டி அவருடைய சொந்த வண்டி, ஏஜென்சி மூலமாக எங்கள் கம்பெனிக்கு ஓடியது. ஆரம்பத்தில் அதில் நாங்கள் மூன்றே பேர். ஹெப்பகோடியில் இறங்கும் ஒரு பெண், சந்தாபுராவில் இறங்கும் நான், கடைசியாக ஆனேக்கல்காரர் ஒருவர். அந்த ஆனேக்கல்காரருக்கு வீட்டில் தெலுங்கு, வெளியில் கன்னடம், எங்களைக் கிண்டல் செய்யத் தமிழ். வைட்ஃபீல்டில் ஐந்து மணிக்கு ஏறினால் வர்த்தூர் வழியாகத் தொம்மசந்திரா போய், குறுக்கே சந்தாபுராவில் கொண்டுவந்து சேர்த்துவிடுவார் டிரைவர். ரோடு மோசம்தான். ஆனால் நகரும்.

இங்கே டிரிப் ஷீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு அட்டையில் செருகிய காகிதம் இருக்கும். யார் எங்கே எத்தனை மணிக்கு இறங்கினார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். குறித்த நேரத்தைத் தாண்டினால் டிரைவருக்கு அபராதம். ரோட்டில் மரம் விழுந்திருந்தாலும் சரி, மந்திரி போயிருந்தாலும் சரி, அபராதம் டிரைவருக்குத்தான். நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு நாள் மழையில் எல்லா வண்டிகளும் மாட்டிக்கொண்டன. மறுநாள் எல்லா டிரைவர்களுக்கும் அபராதம் விழுந்தது. எங்களுக்கு மனசு கேட்கவில்லை. அதற்குப் பிறகு வண்டி ஆபீஸ் கேட்டைத் தாண்டும்போதே ஷீட்டைச் சுற்றுக்கு விட்டுவிடுவோம். இறங்க வேண்டிய நேரம் எதுவோ அதை முன்கூட்டியே எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, டிரைவரிடம் கொடுத்துவிட்டுத் தூங்கிப்போவோம். எங்கள் வண்டியில் மட்டுமில்லை, எல்லா வண்டியிலும் இதே வழக்கம்தான். பெங்களூரில் இருக்கிறவனுக்கு 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி', கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் வண்டியில் நேரத்தை எழுதும் பொறுப்பு என்னுடையது. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கையெழுத்து அழகாக இருந்தால் தலையெழுத்து கோணலாக இருக்கும் என்பார்கள். அப்போது அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

நான் மாசமாக இருந்தபோதுதான் புது சிஸ்டம் வந்தது. டை கட்டிய ஒரு இளைஞன் கான்ஃபரன்ஸ் ரூமில் திரை போட்டு விளக்கினான். வண்டிகளின் ரூட், ஷிஃப்ட், யாருக்கு எந்த ஆபீஸில் நாற்காலி, எல்லாவற்றையும் இனிமேல் அது தீர்மானிக்கும். "ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்" என்று ஒவ்வொரு எழுத்தாக, கோயிலில் அர்ச்சனை சொல்கிற மாதிரி சொன்னான். மனுஷன் சொல்லிக்கொடுக்க வேண்டாமாம். பழைய தகவலைக் கொடுத்தால் தானே கற்றுக்கொள்ளுமாம். அந்தப் பழைய தகவலைத் திரட்டிக் கொடுத்தது எங்கள் பிரிவு. டிரிப் ஷீட்டுகளையெல்லாம் டைப் செய்ய வைத்து, சரிபார்த்து, சி.டி.யில் ஏற்றிக் கொடுத்தோம். இத்தனை சுத்தமான டேட்டாவைத் தான் பார்த்ததே இல்லை என்றான் அந்த இளைஞன். எனக்குப் பெருமையாக இருந்தது. சமோசா கொடுத்தார்கள், இரண்டு சாப்பிட்டேன்.

அதில் இருந்த நேரங்கள் உண்மையில்லை என்று அந்த ரூமில் இருந்த எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் கேப்பில் போகிறவர்கள்தானே. ஆனால் அதைப் பொய் என்று நினைக்க யாருக்குமே தோன்றவில்லை. எங்களைப் பொறுத்தவரை அது டிரைவர்களுக்கு நாங்கள் செய்த உதவி, அவ்வளவுதான்.

பிரசவ விடுப்பு முடிந்து நான் திரும்பியபோது குழந்தைக்கு மூன்று மாதம் தாண்டியிருந்தது. கணவரை அவர் கம்பெனி ஒரு வருடத்துக்குப் புனேவுக்கு அனுப்பியிருந்தது. சந்தாபுரா வீடு இரண்டு பேர் சம்பளத்தை நம்பி வாங்கியது, வேலையை விடுகிற பேச்சுக்கே இடமில்லை. பக்கத்து வீட்டில் ஒரு கன்னடக்கார அம்மா இருந்தார். அவருடைய பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். பகலில் குழந்தையை அவர் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. சாயங்காலம் ஆறே காலுக்கு நான் வந்துவிடுவேன், வந்ததும் பால் கொடுப்பேன், ராத்திரியும் விடியற்காலையும் கொடுப்பேன், இப்படியே ஒரு வயதுவரை ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அது ஒன்றும் பேராசை இல்லை. பழைய வழியில் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் முடிகிற காரியம்தான்.

திரும்பிய முதல் நாள் சாயங்காலம் கேப்பில் ஏறினால் உள்ளே இரண்டு புது ஆட்கள். பி.டி.எம். லேஅவுட்டில் இறங்குகிற பையன்கள்.

"இவங்க எப்படி நம்ம வண்டியில?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"சிஸ்டம் போட்டுக்குது மேடம்" என்றார். "நம்ம ரூட்டுல டைம் மிச்சமா இருக்குதாம். டெய்லி கரெக்ட் டைமுக்குப் போய்ச் சேர்றோமாம். அதனால ரெண்டு பேரைச் சேத்துக்கோன்னு சொல்லுது."

பி.டி.எம். போக வேண்டுமென்றால் வர்த்தூர், தொம்மசந்திரா எல்லாம் மறந்துவிட வேண்டியதுதான். மாரத்தஹள்ளி, அகரா, சில்க் போர்டு, அப்புறம் ஓசூர் ரோடு. அந்த ரோட்டில் சாயங்காலம் போனவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். போகாதவர்களுக்கு விளக்கினாலும் நம்ப மாட்டார்கள். ஆறே காலுக்கு வீட்டில் இருக்க வேண்டிய நான் எட்டரைக்குக் குறைந்து எந்த நாளும் போய்ச் சேரவில்லை. ஷீட்டில் மட்டும் என் முத்து முத்தான எழுத்தில் ஆறே கால் என்று இருக்கும்.

ஆனேக்கல்காரர் அதைக் காட்டி, "கம்ப்யூட்டர்ல நாம எல்லாம் வீட்டுல காபி குடிச்சிட்டிருக்கோம் மேடம். இங்க உக்காந்திருக்கிறது நம்ம ஆவி" என்பார். வண்டி சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரித்தால் மார்பு வலிக்கும்.

ஆபீஸில் மத்தியானம் லேடீஸ் டாய்லெட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பாலைப் பீய்ச்சி வாஷ்பேசினில் ஊற்றுவேன். வெள்ளையாகச் சுழன்று போகும். பிள்ளைக்கு என்று ஊறியதைக் குழாயைத் திறந்து அடித்துவிடுவதைப் போல ஒரு பாவம் இல்லை என்று அப்போது தோன்றும், இப்போதும் தோன்றுகிறது. ஆனால் சாயங்காலப் பாலுக்கு அந்த வசதியும் கிடையாது. வண்டியில் ஐந்து பேர். குடை விரித்த மாதிரி துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, அடியில் ஒரு துண்டை மடித்து வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு நாள் பையன்கள் இரண்டு பேரும் பி.டி.எம்.மில் இறங்கிய பிறகு, ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக டிரைவர் வண்டியை நிறுத்தினார். பின் ஜன்னல்களுக்குப் புதிதாகத் திரை தைத்து மாட்டியிருந்தார். "நாங்க டீ குடிச்சிட்டு வர்றோம்மா" என்று ஆனேக்கல்காரரையும் இழுத்துக்கொண்டு போனார். 'மேடம்' அன்றைக்கு 'அம்மா' ஆகியிருந்தது. ஹெப்பகோடிப் பெண் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதவை மறைத்து நின்றாள். நான் அழுதுகொண்டே பாலைப் பீய்ச்சினேன். வலி குறைந்தபோது வந்த அழுகையா, வெட்கத்தில் வந்த அழுகையா என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு வழி தெரிந்தது. எலக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி ஒரு சின்ன ஆபீஸ் திறந்தது. அங்கிருந்து என் வீடு பக்கம். பஸ்ஸில் ஏறினால் எடுத்த ஓட்டத்தில் வீடு. மத்தியானம் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டுக்கூட வரலாம். நாற்காலிகள் கொஞ்சம்தான், அதனால் ஒருவழிப் பயணம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறவர்களுக்குத்தான் முன்னுரிமை என்று அறிவித்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்னைவிடத் தகுதியானவள் யார்? அன்றே விண்ணப்பித்தேன். பக்கத்து வீட்டம்மாவிடம்கூடச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் பதில் வந்தது. என் பயண நேரம் ஒன்றே கால் மணி என்று சிஸ்டத்தில் இருக்கிறதாம். தகுதி இல்லை.

மேனேஜரிடம் போனேன். மைசூர்க்காரர், நல்ல மனிதர். தமிழ் புரியும், பேச ஆரம்பித்தால் பாதியில் கன்னடத்துக்குத் தாவிவிடுவார்.

"சார், நான் வீட்டுக்குப் போறப்ப எட்டரை ஆகுது. உங்களுக்கே தெரியும்."

"தெரியும்மா. நானும் அதே ரோட்டுல தானே போறேன்." கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். "ஆனா சிஸ்டம் ஒப்பல்ல, ஒத்துக்காது. நோடு. இத்தன நாள்ல ஒரு நாள்கூட ஒண்ணே கால் மணிக்கு மேல இல்ல. ஏன் மாடோது, என்ன பண்றது?"

திரையில் என் ரூட். நீளமாக ஒரு பச்சைக் கோடு, ஒரு மேடு பள்ளம் இல்லாமல். அந்தப் பட்டையை வடிவமைத்ததே நான்தான். தாமதம் இல்லாவிட்டால் பச்சை.

"அது டிரைவருக்காக எழுதினது சார். எல்லா வண்டியிலும் அப்படித்தான்."

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இத நீ வாயில சொன்னா நான் கேக்கல. எழுத்துல குடுத்தா நான் மேல அனுப்பியே ஆகணும். அப்புறம் கையெழுத்துப் போட்ட எல்லாரையும் விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. ஏஜென்சி அந்த டிரைவரை அடுத்த நாளே நிறுத்திடுவான். பேக்கா உனக்கு?"

வேண்டுமா என்று கேட்டார். எனக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியும். என்னால் எதைச் செய்ய முடியாது என்பதும் தெரியும். திரை தைத்து மாட்டிய ஆளின் சோற்றில் நான் எப்படி மண்ணைப் போடுவேன்? முன்னால் போனால் முட்டும், பின்னால் போனால் உதைக்கும் என்கிற நிலைமை. என் இடத்துக்கு வந்து, அந்த வாரத்து ரிப்போர்ட்டைத் தயாரித்தேன். எங்கள் ரூட் அதிலும் பச்சைதான்.

சாயங்காலம் வண்டியில் விஷயத்தைச் சொன்னேன். பையன்கள்கூடப் போனை அணைத்துவிட்டுக் கேட்டார்கள். அகரா சிக்னல் தாண்டியதும் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இனிமே நெஜத்தையே எழுதுங்கம்மா."

"உங்களுக்கு அபராதம் போடுவாங்களே."

"போடட்டும். ஒரு மாசம் தாங்கிக்கிறேன். கம்ப்யூட்டர் கத்துக்குதுன்றாங்க இல்ல? நெஜத்தையும் கத்துக்கட்டும். எனக்கும் மூணு பசங்க வளந்துதுங்க. கொழந்த பேஜார் என்னான்னு எனக்குத் தெரியாதா?"

ஆனேக்கல்காரர், "நான் சாட்சி" என்று கையைத் தூக்கினார். மற்றவர்களும் சரி என்றார்கள். அன்றைக்கு முதல் தடவையாக ஷீட் சுற்றுக்கு வரவில்லை. இறங்கும்போது, மொபைல் வெளிச்சத்தில், எட்டு நாற்பது என்று உண்மையை எழுதினேன். நியாயத்தின் பக்கம் வந்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி, அந்த ராத்திரி அசந்து தூங்கினேன்.

ஒரு மாதம் அப்படியே எழுதினோம். எட்டரை, எட்டு ஐம்பது, ஒரு மழை நாளில் ஒன்பதரை. மாதம் முடிந்ததும் மறுபடி விண்ணப்பித்தேன். மறுபடி அதே பதில். பயண நேரம் ஒன்றே கால் மணி.

எனக்கு வந்த கோபத்தில் திரையை உடைத்திருப்பேன். பிறகு உட்கார்ந்து உள்ளே தேடிப் பார்த்தேன். எங்கள் உண்மைகள் எல்லாம் இருந்தன, காணாமல் போகவில்லை. ஒவ்வொன்றும் சாம்பல் நிறத்தில் ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தது. பழகிய கணக்கிலிருந்து ரொம்பத் தள்ளி வரும் எண்ணை, டைப் செய்தவர் செய்த பிழை என்று எடுத்துக்கொண்டு சிஸ்டம் தள்ளி வைத்துவிடும். ஆறுக்குப் பதில் ஒன்பது அடித்துவிடுகிறார்கள், அதைத் தடுக்க ஒரு வசதி வேண்டும் என்று அந்த டை கட்டிய இளைஞனிடம் கேட்டு வாங்கியதே எங்கள் பிரிவுதான். சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான். இரண்டு வருஷப் பொய் அதற்கு அனுபவம், ஒரு மாத உண்மை அதற்குப் பிழை.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. டிரைவர்களுக்குப் பில் போடுகிற பிரிவு தனி. அவர்கள் இந்தக் கெட்டிக்கார சிஸ்டத்தைப் பார்ப்பதில்லை, ஷீட்டில் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். அந்த மாதம் எங்கள் டிரைவருக்கு ஏறக்குறைய எல்லா நாளும் அபராதம். எனக்கு நாற்காலி கொடுக்க வேண்டிய கம்ப்யூட்டர் நாங்கள் சொன்னதை நம்பவில்லை. அவருடைய வயிற்றில் அடிக்க வேண்டிய கம்ப்யூட்டர் ஒரு எழுத்து விடாமல் நம்பியது. ஒரே கட்டிடத்தில், ஒரே மாடியில், ஒரே காகிதத்தைப் பார்த்து.

மேனேஜரிடம் மறுபடியும் போனேன். இந்தத் தடவை கெஞ்சினேன். ஒதுக்கி வைத்ததைத் திரும்பச் சேர்க்கச் சொல்லுங்கள் சார் என்றேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். சேர்க்க வேண்டுமென்றால் ஏன் திடீரென்று நேரம் மூன்று மடங்கானது என்று காரணம் எழுத வேண்டும். ரோடு அதே ரோடு, வண்டி அதே வண்டி. காரணம் என்று ஒன்று எழுதினால் அது பழைய கையெழுத்துகளில் போய்த்தான் நிற்கும். "நானே முடிவெடுத்த காலத்துல உனக்கு அந்த சீட்டைக் குடுத்திருப்பேன்மா" என்றார். "இப்ப நான் முடிவெடுக்கறதில்ல. வந்த முடிவைப் படிச்சுக் காட்டறேன், அஷ்டே, அவ்வளவுதான்." அவரைத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை. அவரும் எங்களோடு மாட்டிக்கொண்டவர்தான், என்ன, அவருக்கு ஏ.சி. ரூம்.

அன்று சாயங்காலம் ஆபீஸ் கேட்டிலேயே ஷீட்டைக் கேட்டு வாங்கினேன். ஆறே கால் என்று எழுதினேன். டிரைவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வாணாம்மா. இன்னும் ஒரு மாசம் பாக்கலாம்."

"போதும்ணா. அதுக்கு நாம சொல்றது ஏறாது."

"நான் தாங்கிக்கினு போறேன்றேன் இல்ல?"

"நான் தாங்க மாட்டேன்" என்று கத்திவிட்டேன். ஆனேக்கல்காரர் என் கையிலிருந்து ஷீட்டை வாங்கி, தன் கையெழுத்தைப் போட்டு, பின்னால் இருந்த பையன்களிடம் கொடுத்தார். அன்றைக்கு அவரும் ஜோக் அடிக்கவில்லை.

அடுத்த மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆப்பை அசைத்துவிட்டு வாலை மாட்டிக்கொண்ட குரங்கு எத்தனை நேரம் கத்தியது என்று கதையில் யாரும் சொல்வதில்லை. காலையில் குழந்தை எழும்முன் கிளம்புவேன். சாயங்காலம் போனால் பக்கத்து வீட்டம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டிருப்பாள். அவர் மனசு கேட்காமல் பாட்டில் பழக்கியிருந்தார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பசித்த பிள்ளையை எட்டரை மணிவரை எந்த மனுஷி அழவிடுவாள்? ராத்திரி எடுத்து வைத்துக்கொண்டால் தூக்கத்தில் கொஞ்சம் சப்புவாள், பிறகு அலுத்துக்கொள்வாள். பாட்டிலில் சுலபமாக வருகிறதே. எனக்கும் சுரப்பு குறைந்துகொண்டே வந்தது. வண்டியில் வலிப்பது நின்றது. பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்த வேண்டிய அவசியம் குறைந்தது. வலி நின்றதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனாலும் அந்தத் துண்டை மடித்து வைத்துக்கொண்டுதான் வண்டியில் ஏறினேன்.

ஒரு நாள் மத்தியானம் கீழே கேன்டீனில் எல்லோரையும் கூடச் சொன்னார்கள். டிரான்ஸ்போர்ட் பிரிவின் பாராட்டு விழா. பில் பிரிவின் அபராதக் கணக்கை அலசி, நடுவில் தடுமாறிப் பிறகு மிகவும் முன்னேறிய ரூட் எது என்று தேர்ந்தெடுத்திருந்தார்கள். எங்கள் ரூட். எங்கள் டிரைவரை மேடைக்குக் கூப்பிட்டு, பூங்கொத்து கொடுத்து, பெரிய வட்டமான சுவர்க் கடிகாரம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். நேரந்தவறாமைக்குப் பரிசு. மொத்தக் கேன்டீனும் கை தட்டியது. ஆனேக்கல்காரர் விசிலடித்தார். போட்டோவில் டிரைவர் கடிகாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, திருட்டு மாங்காயோடு பிடிபட்டவர் மாதிரி நிற்கிறார்.

சாயங்காலம் வண்டியில் ஏறும்போது என் சீட்டில் அந்தக் கடிகாரம் இருந்தது.

"எங்க ஊட்டுல ரெண்டு இருக்குதும்மா. நீங்க எடுத்துக்கினு போங்க. பாப்பா ரூம்ல மாட்டுங்க" என்றார். வேண்டாம் என்றால் அவர் மனசு புண்படும். மடியில் வைத்துக்கொண்டேன். கேட்டைத் தாண்டும்போது ஷீட் வந்தது. ஆறே கால் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அகராவில் இருந்தபோது மடியில் ஆறே கால் ஆனது. கடிகாரம் நல்ல கடிகாரம், ஒரு நிமிடம் முந்தவில்லை, பிந்தவில்லை. சில்க் போர்டில் ஏழானது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடினாலும் முள் நகரும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கதவைத் திறந்து இறங்கி நடந்தே போய்விடலாமா என்று இருந்தது. இறங்கி எங்கே போவது? சுற்றிலும் அதே மாதிரி வண்டிகள், அவற்றுக்குள் அதே மாதிரி ஷீட்டுகள், கணக்குப்படி வீடு போய்ச் சேர்ந்துவிட்ட ஜனங்கள்.

வீட்டுக்குப் போனபோது குழந்தை அதிசயமாக விழித்திருந்தாள். பக்கத்து வீட்டம்மா அவளைத் தூக்கிக் காட்டி, "நோடு கந்தா, அம்மா பந்த்ரு", பார் கண்ணே, அம்மா வந்துவிட்டாள் என்றார். கையைக்கூடக் கழுவாமல் வாங்கி, உள்ளே போய், மடியில் போட்டுக்கொண்டு பால் கொடுக்கப் பார்த்தேன். அவள் வாயை வைத்தாள். எடுத்தாள். முகத்தைத் திருப்பினாள். நான் மறுபடியும் சேர்த்து வைத்தேன். அவள் இரண்டு கையாலும் என்னைத் தள்ளிவிட்டு, வாசல் பக்கம் திரும்பி, அந்த அம்மாவிடம் போகக் கையை நீட்டி அழுதாள். நான் கொடுத்துவிட்டேன். வேறென்ன செய்வேன்?

எங்கள் பக்கத்தில் பால் மறக்கடிக்க வேப்பிலையை அரைத்து மார்பில் பூசுவார்கள். கசந்தால் பிள்ளை தானாக விட்டுவிடும். பூசுகிற தாய் அன்றைக்குப் பூராவும் அழுவாள் என்பார்கள். நான் எதையும் பூசவில்லை.

"இவத்து, இன்னிக்கு, தூங்கவே இல்ல" என்றார் பக்கத்து வீட்டம்மா, குழந்தையைத் தட்டிக்கொண்டே. என்னோடு பேசும்போது அவர் கன்னடத்தையும் தமிழையும் கலந்துகொள்வார். "ஆறு மணிலேர்ந்து வாசலைப் பார்த்துக்கிட்டே இருந்தா. பாட்டில் கொடுத்தேன், வேணாம்னு தள்ளிட்டா. ஏழு மணிக்கு மேலதான் குடிச்சா."

நான் அன்று வீடு வந்து சேர்ந்த நேரம் ஆறே கால் என்றுதான் எழுதியிருக்கிறது. என் கையெழுத்தில்தான் இருக்கிறது.